கைமாறிய கயாக்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரவேண்டிய மகள் பத்தேகாலுக்கு வந்தாள். தலை ஈரம். மூக்கு நுனி வெயிலில் கறுத்திருந்தது. முகத்தில் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாகச் சிரிப்பு. அவளைப் பெற்ற லிஃப்ட் மெக்கானிக் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் ஏழு தடவை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருந்தான். கதவைத் திறக்கும்போது மட்டும் இப்போதுதான் எழுந்தவன் மாதிரி ஒரு கொட்டாவி விட்டான்.

“சாரிப்பா. ஏரியில நேரமாயிடுச்சு. புதுக் கயாக் வந்துடுச்சா, இறங்கவே மனசு வரல. நீங்க சாப்டீங்களா?”

“ம்.”

“எனக்குன்னு தனியா ஒண்ணுப்பா! இத்தனை நாள் ரெண்டு பேரும் ஒண்ணுலதானே போனோம். இப்ப எனக்கு ஒண்ணு, அங்கிளுக்கு ஒண்ணு. போட்டோ காட்டட்டா?”

“அப்புறம் பாக்கலாம். அடுப்புல பால் இருக்கு.”

அடுப்பில் பால் இல்லை. ஒரு வருஷமாக அவள் போட்டோவை நீட்டுவதும் அவன் சமையலறைக்குள் ஓடுவதும் வழக்கமாகிவிட்டது. ஏரி, துடுப்பு, கயாக் என்று அவள் வாயெடுத்தாலே அவனுக்கு உள்ளே ஏதோ கருகும். அந்த வாடை அவளுக்கு எட்டிவிடக் கூடாதே என்று அடுப்பங்கரைக்குப் போய்விடுவான்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் ‘வாண்டு’ என்று அவன்தான் கூப்பிட ஆரம்பித்தான். இப்போது வாண்டு அவன் தோளுக்கு வந்துவிட்டாள். அவனும் அவள் அம்மாவும் பிரிந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அம்மா ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம். வாரத்தில் ஆறு நாள் வாண்டு அங்கே. ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை இங்கே. அந்த ஒன்பது மணி நேரத்துக்காகத்தான் அவன் மிச்ச நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு லிஃப்ட் கூண்டுகளின் தலைமேல் ஏறி நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்று சாப்பிட்டுவிட்டு மெத்தையில் குப்புறப் படுத்து அவள் போனில் பேசியது அவன் காதில் விழுந்தது.

“நீ வராத, நானே பஸ் பிடிச்சு வந்துடறேன். ஐயோ, என் டவல் உன் கார்லயே இருக்கு. நீ எடுத்துக் காயப் போட்டுடு. மறந்தேன்னு வச்சுக்கோ, கொன்னுடுவேன் உன்னை!”

“யாரு, உன் கூடப் படிக்கற பொண்ணா?” என்று தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான் மெக்கானிக்.

“இல்லப்பா. அங்கிள்.”

தட்டு கையிலிருந்து நழுவாதது அவன் தொழில் பழக்கம். பிடித்ததை விடாத கை. ஆனால் உள்ளே இருந்தது நழுவிவிட்டது. பல் டாக்டருக்கு ‘நீ’. பெற்ற அப்பனுக்கு ‘நீங்க’.

முன்பெல்லாம் அவனுக்கும் ‘நீ’தான். “நீ குனி, நான் உன் முதுகுல ஏறணும்”, “நீ பொய் சொல்ற, போ” என்று வீடு முழுக்க அவனை ஒருமையில் விரட்டிக்கொண்டிருந்த பெண்தான். எப்போது ‘வாங்க, போங்க’ ஆயிற்று என்று அவனுக்குச் சரியாக நினைவில்லை. பல் டாக்டர் வந்த பிறகுதான் என்று அவனாகவே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தான். அவள் ஒவ்வொரு ‘நீங்க’ போடும்போதும், விருந்தாளிக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. நாமும் இந்தக் கதையில் அவனை ‘அவன்’ என்றே சொல்கிறோம், கேட்டால் சந்தோஷப்படுவான். பல் டாக்டரை ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மரியாதையைக் குறைக்க அந்த மனுஷர் இம்மியளவும் காரணம் தரவில்லை. குடிப்பதில்லை, கத்துவதில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். திட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத ஆளைப் பார்த்துப் பொறாமைப்படுவதைப் போலக் கொடுமை வேறு கிடையாது. எரிகிற வயிற்றுக்கு ஒரு நியாயமும் கிடைக்காது.

மறுநாள் காலை அவள் அம்மா போன் செய்தாள். அவன் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தான்.

“ஏரியில பிள்ளைங்களுக்கு கயாக் பயிற்சி ஆரம்பிக்கறாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, முழு நாள். அவர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார். அதனால உங்க வீட்டுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரட்டுமா? இது நான் கேக்கறது. அவ கேக்க மாட்டா.”

“ஞாயித்துக்கிழமை என்னோடது.”

“இல்லன்னு சொல்லல. யோசிச்சு மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. நீங்க மாட்டேன்னா மாட்டேன்தான். நான் வற்புறுத்தல.”

அவள் சண்டைக்கு வந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு, சுற்றாமல் நின்றிருந்த பெரிய சக்கரத்தைப் பார்த்தபடி நின்றான். ஏரிதானே வேண்டும் பிள்ளைக்கு? ஏரி என்ன பல் டாக்டர் வீட்டுச் சொத்தா? இவனும் ஒரு கயாக் வாங்குவான். இரண்டு பேர் உட்காருகிற கயாக். அவர் தனித்தனியாகப் பிரித்துவிட்டார் அல்லவா, இவன் சேர்த்து உட்கார வைப்பான். அப்புறம் எவன் கேட்பான் ஞாயிற்றுக்கிழமையை?

அந்த ஊரில் ஏரிகள் நான்கு. பழைய படகு விற்கிற யார்டு ஒன்றே ஒன்று. கம்பி வேலிக்குள்ளே ஒல்லி ஒல்லிப் படகுகள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. யார்டுக்காரம்மா கவிழ்த்துப்போட்ட ஒரு படகின் முதுகில் உட்கார்ந்து பழைய துடுப்புக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு சீட்டுல எதாவது இருக்கா?”

“நேத்துத்தான் ஒண்ணு வந்துச்சு. அதோ, மஞ்சள். ஓட்டத் தெரியுமா?”

“இருபத்திரெண்டு வருஷமா லிஃப்ட் ஓட்டறேன்.”

“அது மேல கீழ போகும். இது நேரா போகும், நீங்க விட்டீங்கன்னா.”

கயாக்கைப் பற்றி அவனுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆள் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு நுனியிலும் தட்டை வைத்த துடுப்பால் தள்ளிப் போவது, அவ்வளவுதான். யார்டுக்காரம்மாதான் அதைப் புரட்டிப்போட்டு அடிவயிற்றைக் காட்டினாள்: தரையில் இழுத்ததால் வந்த கீறல்கள், வெயிலில் வெளுத்த பக்கம், மூடியின் ரப்பர். “கீறல் பரவாயில்ல, விரிசல்தான் கூடாது,” என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினான்.

பின்சீட்டில் சுக்கானைத் திருப்புகிற இரண்டு பெடல்கள் இருந்தன. பெடலிலிருந்து வால்வரை மெல்லிய எஃகுக் கம்பி. அதைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. கம்பி அவன் சாம்ராஜ்யம். பையிலிருந்து பழைய துணி ஒன்றை எடுத்துக் கம்பியைச் சுற்றிப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருவினான். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும். மாட்டவில்லை. கம்பியை மடக்கி அழுத்தியிருந்த இடத்தை நகத்தால் நிமிண்டிப் பார்த்தான். இரண்டு வளையம், இரண்டும் ஒரே அழுத்தம், நுனி பிரியாமல் டேப் சுற்றி, கையைக் குத்தாமல்.

“இதை யாரு போட்டது?”

“வித்தவரே போட்டிருக்கார்.”

“தொழில் தெரிஞ்ச ஆளு. என்கிட்ட வேலை பாக்கற பசங்களுக்கு இப்படி ஒரு முடிச்சு போட வராது. அவர் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம்.”

மெக்கானிக் மனசாரப் பிறரைப் புகழ்ந்து பல மாதம் ஆகியிருந்தது. ஆள் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று மாலையே கம்பெனி வேனின் ஏணி மாட்டுகிற தாங்கியில் கயாக் ஏறிவிட்டது.

அடுத்த பத்து நாள், வேலைக்குப் போகுமுன் தினம் காலை ஊருக்குக் கிழக்கே இருந்த சின்ன ஏரியில் யாருக்கும் தெரியாமல் பயிற்சி. இரண்டு பேர் படகில் ஒருவன் மட்டும் பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொள்ளும் என்பது முதல் நாளே தெரிந்தது. டூல் பெட்டியை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டான். இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் போகிறது. வலது பக்கம் தள்ளினால் மறுபடி வலது பக்கமே போகிறது. கரையில் கையை வீசி நடந்துபோகிற பெரியவர் ஒருவர் மூன்றாம் நாள் நின்றேவிட்டார்.

“எதையாவது தொலைச்சுட்டீங்களா தம்பி? நானும் பாக்கறேன், அதே இடத்தையே சுத்திட்டிருக்கீங்களே.”

“மீனுக்குத் தலை சுத்த வைக்கறேன் சார்,” என்றான் மெக்கானிக்.

ஆனால் விடவில்லை. நடுவில் வந்த ஞாயிறன்று மட்டும், வாண்டு கண்ணில் படாமல் வேனைப் பக்கத்துத் தெருவில் ஒளித்து வைத்தான். எட்டாம் நாள் படகு அவன் சொன்ன திசையில் போயிற்று. பத்தாம் நாள் கரையோர நாணல்வரை போய்த் திரும்பினான். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையை நினைத்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பல் டாக்டரின் முகம் எப்படிச் சுண்டும் என்பதைத்தான் அதிகம் நினைத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் முகம் அடுத்தபடியாகத்தான் வந்தது.

ஞாயிறு வந்தது. வாண்டு ஒன்பதுக்கே வந்தாள். கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய் வேனுக்கு எதிரே நிறுத்திக் கையை எடுத்தான்.

“எப்படி?”

அவள் மேலே பார்த்தாள். மஞ்சள் கயாக்கைப் பார்த்தாள். வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. ஒரு நொடி அவனைப் பார்த்தாள், மறுபடி படகைப் பார்த்தாள்.

“ரொம்ப நல்லா இருக்குப்பா.”

“வாயடைச்சுப் போச்சு பாத்தியா!” என்று வேன் கதவைத் தட்டிச் சிரித்தான் மெக்கானிக். பிள்ளைக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அந்தச் சின்ன ஏரியின் கரையில் அவளை முன்சீட்டில் உட்கார வைத்தான். உள்ளே கால் ஊன்றுகிற கட்டை, ஒரு தண்டவாளத்தில் பல்லு பல்லாக நகரும். உட்காருகிறவரின் கால் நீளத்துக்கு ஏற்ப அதை முன்னே பின்னே தள்ளி வைக்க வேண்டும். அதற்காகவே ஸ்பேனரோடு குனிந்தான்.

“வேணாம்ப்பா. சரியா இருக்கு.”

“எங்க, பாக்கறேன்.” அவள் பாதம் கட்டையில் கச்சிதமாகப் பதிந்திருந்தது. முழங்கால் மடங்க வேண்டிய அளவுக்கு மடங்கியிருந்தது. “அட! உனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே!”

வாண்டு குனிந்து லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவனுடைய ஜாக்கெட்டின் வாரையும் எட்டி இழுத்து இறுக்கினாள்.

ஏரியில் இறங்கினார்கள். முன்னால் மகள், பின்னால் அப்பன். அவள் துடுப்பு போடுவதைப் பார்த்து அவன் அசந்துபோனான். தண்ணீர் தெறிக்காமல், சத்தமில்லாமல், முதுகைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். இவன் துடுப்பு அவள் துடுப்போடு முட்டிக்கொண்டே இருந்தது. முட்டும்போதெல்லாம் அவள் “சாரிப்பா” என்றாள். தப்பு அவனுடையது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் திரும்பாமலே இடது கையைச் சீட்டுக்குப் பின்னால் விட்டு, அங்கே ஒரு சின்ன வலைப்பையைத் தேடாமல் எடுத்து, தண்ணீர் பாட்டிலை அதில் செருகினாள். பத்து நாள் ஓட்டியவனுக்கு அங்கே பை இருப்பதே தெரியாது.

“இடது பெடலை மெதுவா அழுத்துங்கப்பா. அது கொஞ்சம் முன்கோபி. சட்டுனு திரும்பிடும்.”

மெக்கானிக்கின் துடுப்பு நின்றது.

“உனக்கெப்படித் தெரியும்?”

“எல்லாக் கயாக்லயும் அப்படித்தான்ப்பா.”

“வாண்டு.”

அவள் முதுகு அசையவில்லை. படகு தானாகக் கொஞ்ச தூரம் போய் வேகம் குறைந்தது.

“இது எங்க பழைய படகுப்பா,” என்றாள்.

‘எங்க.’ அந்த ‘எங்க’வில் அவன் இல்லை. அம்மா உண்டு, அங்கிள் உண்டு, அவள் உண்டு. அந்தப் படகுக்குள் உட்கார்ந்துகொண்டே அவன் அந்த வார்த்தைக்கு வெளியே நின்றான்.

“ஏன் முதல்லயே சொல்லல?”

“நீங்க ஆசையா வாங்கியிருக்கீங்க. வருத்தப்படுவீங்கன்னுதான்.”

“இந்தச் சுக்கான் கம்பி? இந்த முடிச்சு?”

“அது அங்கிள் போட்டது. ஒரு நாள் சாயந்திரம் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டார்.”

இருபத்திரெண்டு வருஷம் கம்பியிலேயே தொங்கிச் சம்பாதித்தவன், ஒரு சாயந்திரத்தில் வீடியோ பார்த்துக் கற்றவரின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று ஊரறியச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ஒரே ஒரு தடவை அவள் நீட்டிய போட்டோவைப் பார்த்திருந்தால் இந்த மஞ்சள் மூஞ்சியை யார்டு வாசலிலேயே அடையாளம் கண்டிருப்பான். பார்க்க மாட்டேன் என்று அடுப்பங்கரைக்கு ஓடியது யார்? அவனேதான். அந்த நினைப்பு அவனை அடக்கவில்லை, இன்னும் கிளறிவிட்டது. அந்த ஆள் உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து, அந்த ஆள் மிதித்த பெடலை மிதித்து, அந்த ஆள் அளவு வைத்துக் கொடுத்த கட்டையில் இவன் மகளின் கால்!

“அந்தக் கரைக்குப் போலாம்,” என்றான்.

“காத்து மாறுதுப்பா. அலை பக்கவாட்டுல வருது. திரும்பிடலாமா?”

“ஏன்? உங்க அங்கிளா இருந்தா திரும்பியிருப்பாரா?”

அவள் யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னாள். “ஆமாப்பா. திரும்பியிருப்பார்.”

வேறெந்தப் பதிலுக்கும் அவன் திரும்பியிருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டான். எதிர்க்கரை நாணல் கிட்டே வந்துகொண்டிருந்தது. வந்துவிட்டோம் என்று நிமிர்ந்தபோது ஒரு காற்று படகின் மூக்கைத் தள்ளியது. அதைத் திருப்புகிறேன் என்று இடது பெடலை, லிஃப்ட்டில் அவசர பிரேக் போடுகிற மாதிரி, ஒரே மிதி மிதித்தான். படகு குறுக்கே திரும்பியது. அலை விலாவில் அடித்தது. எந்தப் பக்கம் சாயக் கூடாதோ அந்தப் பக்கம் சாய்ந்தான்.

அப்புறம் தண்ணீர். மூக்கில், வாயில், காதில். ஜாக்கெட் அவனை மேலே தூக்கிப் போட்டபோது காதில் விழுந்த முதல் சத்தம் அவள் குரல்.

“படகைப் பிடி! அப்பா, படகைப் பிடி! துடுப்பை விடாத! ஏறப் பாக்காத, நீ ஏறினா இன்னும் முழுகும்! நீ அந்தக் கோடியைப் பிடி, நான் இந்தக் கோடி. காலை உதை! உதை, உதை, நிறுத்தாத!”

உதைத்தான். மேலதிகாரி உத்தரவு போட்ட மாதிரி உயிரைக் கொடுத்து உதைத்தான். கவிழ்ந்த மஞ்சள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் நாணலைப் பார்த்து நகர்ந்தார்கள். பத்து உதை, இருபது உதை. இருபத்தொன்றாவது உதையில் அவன் கால் சேற்றில் இடித்தது. எழுந்து நின்றான். தண்ணீர் மார்பளவுதான் இருந்தது.

வாண்டு அவனைப் பார்த்தாள். அவள் பயம் அப்படியே கோபமாக மாறியது.

“உனக்கு அறிவிருக்கா?” படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டே கத்தினாள். “காத்து மாறுதுன்னு சொன்னேன்ல? காது கேக்காதா உனக்கு? பெடலை மெதுவா மிதின்னு சொன்னேன், மிதிச்ச பாரு ஒரு மிதி! நீச்சல் தெரியாதுல்ல உனக்கு? ஜாக்கெட் வாரைக்கூட நான்தான் இறுக்கினேன். நீ செத்துப் போயிருந்தா நான் என்ன பண்ணுவேன், லூசாப்பா நீ?”

மெக்கானிக் மூக்கில் ஏரி ஒழுக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ‘நீ’யும் உச்சந்தலையில் விழுந்து உள்ளங்கால் வரை இறங்கியது. இன்னும் திட்ட மாட்டாளா என்றிருந்தது அவனுக்கு. பல் தெரிய இளித்தான்.

“சிரிக்கற?” என்றாள் அவள். அப்புறம் திடீரென்று நின்றாள். கை வாய்க்குப் போயிற்று. முகத்திலிருந்த கோபம் வடிந்து, அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது.

“சாரிப்பா. நீ, வா, போன்னு பேசிட்டேன். தெரியாம வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“யார்கிட்ட சொல்லப் போறேன்? எதுக்குச் சொல்லணும்?”

அவள் சட்டை நுனியைப் பிழிந்தாள்.

“அன்னிக்கு அந்த ரூம்ல சொன்னீங்களே. அம்மாவும் நீங்களும் அந்த மேடத்துகிட்டப் போனப்ப. நான் வெளிய பெஞ்சுல இருந்தேன். கதவு சாத்தல.”

எந்த ரூம் என்று கேட்க வாயெடுத்தவனுக்கு ரூம் நினைவு வந்துவிட்டது. பிரிந்த புதிதில் போன ஆலோசகர் அறை. நீளமேசை, மேசைமேல் கண்ணீர் துடைக்கிற காகிதப் பெட்டி. குழந்தை யாரிடம் வளர்வது என்று பேச்சு. சொல்வதற்கு வேறு குற்றம் எதுவும் அகப்படாமல், வாய்க்கு வந்ததை எடுத்து வீசினான்: “பத்து வயசாகப் போகுது. பெத்த அப்பனை நீ, வா, போன்னு பேசுது. இதுதான் இவ பிள்ளை வளக்கற லட்சணம். எழுதிக்குங்க மேடம்.”

அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். அவன் ஜெயித்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்ற பிள்ளை, “நல்லா இருக்கீங்களாப்பா?” என்றது. பல் டாக்டர் என்கிற ஒரு மனுஷர் அப்போது அவர்கள் வாழ்க்கையிலேயே இல்லை.

ஒன்றரை வருஷமாக அடுத்தவன் பறித்துக்கொண்டான் என்று வயிறெரிந்தானே, அதை இவன்தான் மேசைமேல் வைத்து, எழுதிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

“அப்ப அங்கிளை மட்டும் எப்படி நீன்னு பேசற?” அதையும் கேட்காமல் அவனால் இருக்க முடியவில்லை. புத்தி அப்படி.

“அவர் யாரையும் எழுதிக்கச் சொல்ல மாட்டாருப்பா.”

மெக்கானிக் கரையில் உட்கார்ந்துவிட்டான். வாண்டு படகைப் புரட்டி உள்ளேயிருந்த தண்ணீரைக் கொட்ட முயன்றாள்; தனியாக முடியவில்லை. அவன் எழுந்து ஒரு கை கொடுத்தான். இனிமேல் நீ என்றே கூப்பிடு என்று சொல்லலாம். சொன்னால் ‘சரிங்கப்பா’ என்பாள். அவனுக்குத் தெரியும்.

“அந்த ஞாயித்துக்கிழமைப் பயிற்சி,” என்றான். “உனக்குப் போகணுமா?”

“உங்க இஷ்டம்ப்பா.”

“என் இஷ்டத்தை நான் கேக்கல. உனக்குப் போகணுமா, வேணாமா?”

அவள் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“போகணும்,” என்றாள், பாதிக் குரலில்.

அவனுக்குக் குப்பென்று எரிந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு போயிற்று. அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து மாலை வரை அவர் கரையில் நின்று கைதட்டுவார். இவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; ஞாயிறு முழுசாக இவனுடையது. பிள்ளையும் மறுபேச்சுப் பேசாமல் ஒன்பது மணிக்கு டாண் என்று வந்து நின்று, ‘சாப்டீங்களா’ என்று கேட்கும்.

“போயிட்டு வா,” என்றான். “அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். எதையும் யாரும் எழுதிக்க வேணாம்.”

“நிஜமாவாப்பா?”

“போறேன்னா நல்லாப் போ. எவன் பிள்ளைன்னு கேக்கற மாதிரி ஓட்டு.”

அவள் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. துள்ளிக் குதித்து, ஈர ஜாக்கெட்டோடு நாணல் ஓரமாகவே ஏரியைச் சுற்றி, அந்தக் கரையில் நின்ற வேனைப் பார்த்து ஓடினாள். போன் வேனில் இருந்தது. யாருக்குப் பேசப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். சேதி முதலில் அங்கேதான் போகும். அவன் படகின் முன்கயிற்றைத் தோளில் போட்டு, அதைக் கரையோரத் தண்ணீரிலேயே இழுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தான். ஆனால் ஏரிக்காற்று இவன் பக்கம்தான் வீசியது; அவளும் மெதுவாகப் பேசுகிற பிறவி இல்லை.

“அங்கிள், நான் வரேன்! பயிற்சிக்கு வரேன்! … இல்ல, நான் கேக்கவே இல்ல. அப்பாவே சொல்லுச்சு, போயிட்டு வான்னு. … ஆமா, அப்பாவேதான் சொல்லுச்சு!”

மெக்கானிக் நின்றான். ‘சொன்னாங்க’ இல்லை, ‘சொன்னார்’கூட இல்லை. ‘சொல்லுச்சு.’ வீட்டுப் பூனையைச் சொல்கிற மாதிரி.

வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தச் சந்தோஷக் கூச்சல் முழுவதும் அவர் காதுக்குப் போயிற்று. இவனுக்குக் கிடைத்தது நடுவில் சிந்திய ஒரே ஒரு சொல். அதை யாரிடமும் சொல்ல முடியாது, எழுதியும் காட்ட முடியாது. கயிற்றை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் சளக் சளக்கென்று வேனைப் பார்த்து நடந்தான்.